மூச்சு குறைந்தவரின் மூன்று நிமிடம்: ஜிம்மி ராட்ஜர்ஸின் 'ப்ளூ யோடல்' தட்டு

முள் இறங்கியதும் முதலில் கேட்பது பாட்டு இல்லை, இரைச்சல். அடுப்பில் எண்ணெய் காய்கிறபோது வருமே, அதைப்போல ஒரு பொரிச்சல். அதற்குள்ளிருந்து ஒரு கிதார் வருகிறது. கட்டைவிரல் தடித்த கம்பியை ஒருமுறை தட்ட, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளை வருட, நடந்துபோகிறவரின் காலடி மாதிரி ஒரு தாளம். பிறகு ஓர் ஆண்குரல். ரயிலில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வருவதுபோல அது தொடங்குகிறது. மூன்றாவது வரி முடிந்ததும் அந்தக் குரல் ஓரிடத்தில் உடைந்து மேலே தாவுகிறது. முதல் தடவை கேட்கிறவருக்கு அந்த இடத்தில் உடம்பு நிமிரும். எனக்கு இன்றைக்கும் நிமிர்கிறது.

விக்டர் கம்பெனி வெளியிட்ட 21142 எண் கிராமபோன் தட்டு இது. 1927 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள கேம்டன் நகரில் பதிவாகி, 1928 பிப்ரவரியில் கடைக்கு வந்தது. பத்து அங்குலம், நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம், விலை 75 சென்ட். ஒரு பக்கம் 'ப்ளூ யோடல்'; குரலை உடைத்து மேலே தாவவிட்டுப் பாடும் முறைதான் யோடல். மறுபக்கம் வர்ஜீனியாக்காரரான கெல்லி ஹாரல் எழுதிய மலைப்பாட்டு. பாடியவர் அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியின் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ். அப்போது அவருக்கு வயது முப்பது; காசநோய் வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

பழைய தட்டுகளின் அழகைப் பற்றிப் பேசும்போது அந்த இரைச்சலையும் பழுப்பேறிய உறையையும் கடந்த காலத்தின் வாசனையையும்தான் பலரும் சொல்கிறார்கள். இந்தத் தட்டைப் பொறுத்தவரை அது போதாது என்று நினைக்கிறேன். பழையது என்பதற்காக மயக்குவதென்றால் அதே ஆண்டில் வந்த ஆயிரக்கணக்கான தட்டுகளும் மயக்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை இன்று கேட்கிறவரை எட்டத்தில்தான் நிறுத்துகின்றன. ராட்ஜர்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்கிறார். எப்படி உட்கார்கிறார் என்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு, ஓர் உடல்நிலைக் காரணம் உண்டு, ஒரு ரயில்பாதைக் காரணமும் உண்டு.

ரயில்பாதையிலிருந்து தொடங்கலாம். ராட்ஜர்ஸ் 1897 செப்டம்பர் 8 அன்று பிறந்தவர். மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் நகரம் அவருடைய ஊர். பல இருப்புப்பாதைகள் வந்து கூடும் சந்திப்பு அது. அப்பா தண்டவாளப் பராமரிப்புக் குழுவின் மேஸ்திரி. அம்மா சிறுவயதிலேயே இறந்துவிட்டார். பையனுக்குக் கிடைத்த முதல் ரயில் வேலை, பாதையில் உழைக்கும் கேங்மேன்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது. அந்தக் குழுக்களில் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர்கள். கடப்பாரை போட்டுத் தண்டவாளத்தை நெம்பும்போது எல்லோருடைய கையும் ஒரே நொடியில் அசைய வேண்டும்; அதற்கு ஒருவர் வரி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அடி போடுவார்கள். நம் ஊரில் ஏற்றம் இறைத்தவர்களும் பாரம் இழுத்தவர்களும் பாட்டை எதற்கு வைத்திருந்தார்களோ, அதே தேவைதான். ஓய்வு நேரத்தில் அவர்களிடமிருந்துதான் அவர் கிதாரும் பாஞ்சோவும் கற்றார் என்பது அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. தட்டைக் கேட்டால் அதை நம்பாமல் இருக்க முடியாது.

பிறகு அவர் பிரேக்மேன் ஆனார். பெட்டிகளை இணைப்பது, கழற்றுவது, ஓடும் சரக்கு ரயிலில் பெட்டிக்குப் பெட்டி தாவிப் போய் கைப்பிரேக்கைத் திருகுவது, எல்லாம் அந்த வேலையில் அடக்கம். மழையும் கரியும் குளிரும் நுரையீரலுக்குள் போகிற வேலை. 1924-இல் காசநோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அன்றைக்கு அதற்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல். நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள சாப்பாடு, இவ்வளவுதான் சிகிச்சை. மனைவியும் குழந்தையும் உள்ள, கையில் காசில்லாத மனிதருக்கு இந்த மூன்றுமே எட்டாதவை. ரயில் வேலைக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. பாட்டு ஒன்றுதான் மிச்சம். 1927-இல் நல்ல காற்று தேடி வட கரோலினா மலைப்பகுதியில் உள்ள ஆஷ்வில்லுக்குப் போனார். அங்கே புதிதாகத் தொடங்கியிருந்த வானொலி நிலையத்தில் கொஞ்ச நாள் பாடினார்.

அந்தக் கோடையில்தான் ரால்ஃப் பீர் என்பவர் பிரிஸ்டல் நகரத்துக்கு வந்தார். டென்னிசி, வர்ஜீனியா என்ற இரண்டு மாநிலங்களின் எல்லைக்கோடு கடைத்தெருவின் நடுவே ஓடும் ஊர் அது. தொப்பிக் கம்பெனி ஒன்றின் மாடியைப் பிடித்து, சுவரில் போர்வைகளைத் தொங்கவிட்டு, விக்டர் கம்பெனிக்காகப் பதிவு நடத்தினார். ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை 19 குழுக்கள் வந்தன. 76 பாடல்கள் பதிவாயின. கார்ட்டர் குடும்பம் என்று பின்னாளில் புகழ்பெற்ற மூவரும் அங்கேதான் முதன்முதலாகத் தட்டுக்குப் பாடினார்கள். ராட்ஜர்ஸ் ஒரு குழுவோடு வந்தார். பதிவுக்கு முந்தைய இரவு, தட்டில் யார் பெயரைப் போடுவது என்ற சச்சரவில் குழு அவரை விட்டுப் பிரிந்தது. ஆகஸ்ட் 4 அன்று தனியாக, ஒரு கிதாரோடு நின்று இரண்டு பாடல்கள் பாடினார். கூலி நூறு டாலர்.

அந்தப் பிரிவு இல்லாவிட்டால் நாம் கேட்பது வேறொரு ராட்ஜர்ஸாக இருந்திருக்கும். பிடிலும் மாண்டலினும் பாஞ்சோவும் சூழ்ந்த குழுவில் அவரும் ஒரு குரலாக ஒதுங்கியிருப்பார்.

பீர் ஏன் ஊர் ஊராக அலைந்தார் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பாட்டு பிறந்ததற்கு அவருடைய வியாபாரக் கணக்கும் ஒரு காரணம். அவர் விக்டரிடம் சம்பளம் வாங்கவில்லை. பதிவாகும் பாடல்களின் பதிப்புரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டார். 1909-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி ஒரு பாட்டு தட்டில் அச்சாகும் ஒவ்வொரு முறையும் உரிமையாளருக்கு இரண்டு சென்ட் சேர வேண்டும். ஏற்கெனவே ஊருக்கெல்லாம் தெரிந்த பழம்பாட்டில் அந்தக் காசு வராது. புதிதாக எழுதியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் புதிது என்று பதிவு செய்யும் அளவுக்காவது மாறியிருக்க வேண்டும். ஆகவே பாடகர்களிடம் அவர் எப்போதும் புதுசு கேட்டார். நவம்பரில் ராட்ஜர்ஸ் கையிலிருந்த கொஞ்சக் காசோடு தானே நியூயார்க்குக்குப் போய் பீரைத் தொலைபேசியில் பிடித்தார். கேம்டனுக்கு வரச் சொன்னார் பீர். விக்டர் கம்பெனி அங்கே ஒரு பழைய பாப்டிஸ்ட் தேவாலயத்தை அதன் ஒலி எதிரொலிப்புக்காகவே 1918-இல் வாங்கிப் பதிவுக்கூடமாக வைத்திருந்தது. அந்தக் கூடத்தில் அன்று நான்கு பாடல்கள் பதிவாயின. அவற்றில் ஒன்றுதான் 'ப்ளூ யோடல்'. அவரே கட்டிய பாட்டு, இல்லை, காற்றில் மிதந்த வரிகளை அவர் கோத்த பாட்டு.

இப்போது மைக்குக்கு வருவோம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும்.

1925 வரை தட்டுப் பதிவில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. பாடகர் ஒரு பெரிய கொம்புக்குள் வாயை வைத்துப் பாட வேண்டும். குரலின் அழுத்தம் கொம்பின் மறுமுனையில் இருக்கும் மெல்லிய சவ்வை அதிரவைக்கும். அந்த அதிர்வு ஊசி வழியாக மெழுகுத் தட்டில் கோடாக விழும். பாடுகிறவரின் நுரையீரல்தான் எந்திரத்துக்கு எரிபொருள். உரக்கப் பாடாதவர் தட்டில் விழ மாட்டார். கிதாரின் தாழ்ந்த கம்பிகள் ஏறக்குறைய தொலைந்துபோகும். 'ஸ', 'ஷ' போன்ற காற்றொலிகள் மழுங்கிவிடும். அதனால்தான் கொம்புக் காலத்தில் நன்றாக விற்றவர்கள் பெரும்பாலும் மேடைக்குப் பழகிய பெருங்குரல்காரர்கள். கிராமத்துப் பாடல்களிலும் அப்படித்தான்: 1924-இல் ஒரு ரயில் விபத்துப் பாட்டைப் பாடி அமெரிக்கா முழுக்கப் பெயர் வாங்கிய வெர்னன் டால்ஹார்ட், டெக்சஸில் பிறந்து முறையாக இசை பயின்று நியூயார்க்கில் ஓபரா பாடியவர். உச்சரிப்பு சுத்தம், குரல் எடுப்பு. கேட்டால் மரியாதை வருகிறது. ஆனால் அவர் சபைக்குப் பாடுகிறார்.

1925-இல் விக்டர் மின்முறைப் பதிவுக்கு மாறியது. மைக் வந்தது, ஒலியைப் பெருக்கும் வால்வுகள் வந்தன, ஊசியை அசைக்கும் வேலையை மின்சாரம் ஏற்றுக்கொண்டது. தட்டின் உள்விளிம்பில், லேபிளுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவில், முட்டை வடிவத்துக்குள் 'விஇ' என்று இரண்டு எழுத்துகள் பொறித்திருக்கும். மின்முறையில் பதிவானது என்பதன் அடையாளம் அது. இனிப் பாடகர் எந்திரத்தைத் தள்ள வேண்டியதில்லை. காதருகே பேசுகிற அளவு குரலே போதும். அந்த மாற்றம் நடந்து இரண்டே ஆண்டில் ராட்ஜர்ஸ் மைக்கின் முன் வந்து நிற்கிறார்.

ஐந்து ஆண்டுகள் முன்னால் வந்திருந்தால் அவரால் முடிந்திருக்காது என்பது என் துணிபு. அந்த நுரையீரல் கொம்பை நிரப்பியிருக்காது. 'ப்ளூ யோடல்' தட்டை மூச்சுக்காகவே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வரிகள் சிறியவை. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் கிதார் நடந்து ஓர் இடைவெளியைக் கொடுக்கிறது. நீட்டி நிறுத்த வேண்டிய இடங்களில் அவர் நீட்டுவதில்லை. சொல்லைச் சரியவிட்டுப் போய்விடுகிறார். நீண்ட கார்வைக்குப் பதில்தான் யோடலின் தாவல் வருகிறது. பலத்தால் பிடிக்க முடியாத உயரத்தைச் சட்டென்று ஒரு குரல்மாற்றத்தால் தொடுகிறார். குறைந்த மூச்சை வைத்துக்கொண்டு அவர் ஒரு பாணியையே கட்டினார். அதை அப்படியே வாங்கிக்கொள்ளும் மைக் அப்போதுதான் வந்திருந்தது. அந்தத் தட்டு இன்றும் பக்கத்தில் ஒலிப்பதற்கு இதுவே முதல் காரணம்.

யோடல் என்பது என்ன? நெஞ்சிலிருந்து வரும் இயல்பான குரலும், அதற்கு மேலே உள்ள மெல்லிய குரலும் சேரும் இடத்தில் ஒரு முறிவு இருக்கும். கர்நாடக சங்கீதத்தில் அந்த மேல்குரலைக் கள்ளக்குரல் என்போம். அதில் பாடுவது குறை. முறிவு தெரியாமல் மேலேறப் பல வருடம் சாதகம் செய்கிறார்கள். யோடலில் அந்த முறிவுதான் அழகு. அதை மறைக்காமல், வேண்டுமென்றே முன்னும் பின்னும் தாண்டித் தாண்டிப் பாட வேண்டும். ஆல்ப்ஸ் மலைகளில் ஒரு சரிவிலிருந்து இன்னொரு சரிவுக்குக் குரல் கொடுப்பதில் பிறந்தது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து வந்த பாடகர் குடும்பங்கள் அமெரிக்கா முழுக்கச் சுற்றிப் பாடின. பிறகு நாடகக் கொட்டகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. ராட்ஜர்ஸுக்கு முன்பே, 1924-இல், ஜார்ஜியாவின் ரைலி பக்கெட் தட்டில் யோடல் பாடியிருக்கிறார். ஆக, யோடலைக் கண்டுபிடித்தவர் ராட்ஜர்ஸ் அல்ல. மலையின் உற்சாகத்துக்குரிய அந்தக் கூவலைத் துக்கத்துக்குக் கொண்டுவந்து வைத்தவர் அவர்.

துக்கத்தின் வடிவம் ப்ளூஸ் என்ற கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டுமுறை. பன்னிரண்டு தாளக்கட்டு, ஒரு வரி, அதே வரி மறுபடியும், பிறகு முடிக்கும் வரி. இரண்டாவது முறை கேட்கும்போது அடுத்து என்ன வரப்போகிறது என்று மனம் தவிக்கத் தொடங்கிவிடும். முதல் செய்யுளில் டெக்சஸுக்கு ஓர் எழுத்து, டென்னிசிக்கு அதே எழுத்து, தெல்மா என்ற பெண்ணுக்கும் அதே எழுத்து என்று மோனையில் விளையாடுகிறார். ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்குபவை. தெல்மா தன்னை என்ன செய்தாள் என்பதற்கு அவர் போடும் சொல்லை அன்றைய ரயில்காரர்கள் தடம்புரண்டு நொறுங்கிய ரயிலுக்குப் பயன்படுத்துவார்கள். அடுத்து ஓரிடத்தில், நீ வேண்டாமென்றால் போ, ஒரு பாசஞ்சர் ரயில் இழுக்கக்கூடியதைவிட அதிகம் பெண்கள் எனக்குக் கிடைப்பார்கள் என்கிறார். பிரேக்மேனுக்கு அளவுகோலும் ரயில்தான்.

நடுவில் துப்பாக்கி வருகிறது. அவளைச் சுடுவேன், அவள் துள்ளி விழுவதைப் பார்ப்பேன் என்கிற வரி. அதைக் கேட்டுக்கொண்டே பாட்டை ரசிக்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது; சங்கடப்படுவது சரி. அந்த மிரட்டல் அன்றைய ப்ளூஸ் வரிகளில் பொதுவாகப் புழங்கியது. ராட்ஜர்ஸ் அதைக் கோபத்தோடு பாடவில்லை. முந்தைய வரியைப் பாடிய அதே சோர்ந்த இயல்போடு பாடிவிட்டு யோடலுக்குத் தாவுகிறார். அந்த இயல்புதான் என்னை இன்னும் அச்சுறுத்துகிறது. இந்தத் தட்டை இனிய பழைய பாட்டு என்று மட்டும் சொல்லி ஒருவருக்குக் கொடுக்க என்னால் முடியாது.

தாளத்தையும் கவனிக்க வேண்டும். அவர் கட்டுக்குள் நிற்கிறவர் அல்ல. சொல் நீண்டால் ஓர் அடி கூடும். மூச்சு சீக்கிரம் வந்துவிட்டால் ஓர் அடி குறையும். தனியாகப் பாடும்போது கிதாரும் அவர் கையில்தானே, குரலோடு சேர்ந்து வளைந்துகொடுக்கும். பின்னாளில் அவரோடு வாசித்தவர்களுக்கு இது பெரிய சோதனை. எண்ணி வாசித்தால் தவறிவிடும். அவர் வாயைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். அந்த ஏறுக்குமாறு, கதை சொல்கிற தாத்தா நடுவில் நிறுத்தி வெற்றிலை போட்டுக்கொள்வதுபோல, கேட்கிறவரை அவர் வேகத்துக்கு இழுத்துவிடுகிறது.

இந்த ப்ளூஸ் யாருடையது? அமெரிக்கத் தட்டுக் கம்பெனிகள் தெற்கின் இசையை நிறத்தை வைத்து இரண்டு பட்டியலாகப் பிரித்து விற்றன. கறுப்பினத்தவரின் தட்டுகளுக்கு 'ரேஸ்' என்று பெயர்; வெள்ளைக்கார கிராமத்தவரின் தட்டுகள் 'ஹில்பில்லி', அதாவது மலைக்காட்டான் என்ற பட்டத்தோடு விற்கப்பட்டன. இரண்டு பட்டியலையும் உருவாக்கியதில் ரால்ஃப் பீருக்குப் பெரிய பங்குண்டு. பாட்டுக்காரர்கள் அப்படிப் பிரிந்து இருக்கவில்லை. தண்ணீர் சுமந்த பையன் கேட்டதெல்லாம் கறுப்பினத் தொழிலாளர்களின் குரல். சேறு கலந்த தண்ணீரைக் குடித்தாலும் குடிப்பேன், பொந்து விழுந்த மரக்கட்டைக்குள் படுத்தாலும் படுப்பேன், அட்லாண்டாவில் நாயைப்போல நடத்தப்பட மாட்டேன் என்று தட்டில் அவர் பாடும் வரி பல ப்ளூஸ் பாடகர்களின் வாயில் திரிந்த வரி. தட்டின் லேபிளில் அவர் பெயர் மட்டும் இருக்கிறது. யார் யாரிடம் கற்றார் என்று எங்கும் அச்சாகவில்லை. இந்தத் தட்டை நேசிக்கிறவர்கள் இந்தக் கடனையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1930 ஜூலை 16 அன்று ஹாலிவுட்டில் 'ப்ளூ யோடல்' வரிசையின் ஒன்பதாவது பாட்டைப் பதிவு செய்தபோது அவருக்கு ட்ரம்பெட் வாசித்தவர் கறுப்பின ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங். பியானோ அவருடைய மனைவி லில் ஹார்டின் ஆம்ஸ்ட்ராங். நிறப் பிரிவினை சட்டமாகவே இருந்த நாட்டில் அந்த மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். லேபிளில் ஆம்ஸ்ட்ராங் பெயர் இல்லை. 1970-இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டில், கன்ட்ரி பாடகர் ஜானி கேஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஆம்ஸ்ட்ராங் அதே பாட்டை மறுபடி வாசித்தார். முதல் பதிவில் ட்ரம்பெட் ராட்ஜர்ஸின் வளைந்த தாளத்தைத் துரத்திக்கொண்டே போவதைக் கேட்க வேண்டும். ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடக்கும் இரண்டு பேரின் பேச்சு அது.

தட்டு என்ற பொருளைப் பற்றியும் பேச ஆசை, ஏனென்றால் அதில் நம் நாடு இருக்கிறது. 78 சுற்றுத் தட்டின் உயிர்ப்பொருள் ஷெல்லாக். நமக்குத் தெரிந்த பெயர் அரக்கு. பாண்டவர்களை எரிக்கக் கட்டினார்களே, அந்த மாளிகையின் அரக்குதான். புரசு, பூவம், இலந்தை மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். அதைச் சுரண்டி, நொறுக்கி, கழுவி, உருக்கி, தகடாக இழுத்து, செதில் செதிலாக உடைப்பார்கள். உலகத்துக்கு அதைக் கொடுத்தது பெரும்பாலும் இந்தியா. அதிலும் சோட்டா நாக்பூர் காடுகள், இன்றைய ஜார்க்கண்ட். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும்மில் 1924-இலேயே அரக்குக்கென்று ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. கல்கத்தா துறைமுகத்திலிருந்து கப்பலேறிய அந்தச் செதில்களோடு கல்மாவையும் பருத்தித் தூசியையும் கரிப்பொடியையும் கலந்து, சூட்டில் அழுத்தினால் தட்டு. மிசிசிப்பிக்காரரின் குரல் ஆதிவாசிகள் சுரண்டியெடுத்த பிசினில்தான் பதிந்திருக்கிறது.

அந்தக் கல்மாவு வேண்டுமென்றே போடப்பட்டது. எஃகு முள்ளின் நுனியை அது தேய்த்து, தட்டின் வரிப்பள்ளத்துக்குப் பொருந்தும் வடிவுக்குக் கொண்டுவரும். அதனால் ஒரு பக்கம் ஓடினால் முள்ளை மாற்ற வேண்டும். மாற்றக் காசில்லாதவர்கள் தேய்ந்த முள்ளிலேயே ஓட்டினார்கள். அப்போது முள் தட்டைத் தேய்த்தது. தட்டின் பொரிச்சலில் ஒரு பகுதி இந்தக் கல்மாவின் சத்தம், இன்னொரு பகுதி இந்தத் தேய்மானம். 21142 அரிய தட்டு அல்ல. அந்தக் காலத்தில் ஏராளமாக விற்றது. சேகரிப்பவர்கள் இன்றும் அதிகச் சிரமமில்லாமல் ஒன்றைப் பிடிக்கலாம். கடினம் என்னவென்றால் தேயாத ஒன்றைப் பிடிப்பது. கிடைப்பவை பெரும்பாலும் சாம்பல் பூத்துப்போனவை. உரக்க ஒலிக்கும் இடங்களில், அதாவது யோடல் தாவும் இடங்களில், பள்ளத்தின் சுவர் முதலில் தேயும். எந்த இடத்தை அதிகம் விரும்பிப் போட்டார்களோ அந்த இடம் வெளுத்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ராட்ஜர்ஸின் கடைசி ஆண்டுகளின் தட்டுகள்தான் உண்மையில் அரியவை. பொருளாதார வீழ்ச்சியில் ஜனங்களிடம் 75 சென்ட் இல்லை, அச்சானவையே குறைவு. இரண்டாம் உலகப்போரில் இந்திய அரக்கு வரத்து சிக்கலானதும் 1942-இல் அமெரிக்க அரசு தட்டுக் கம்பெனிகளுக்கான ஒதுக்கீட்டை வெட்டியது. பழைய தட்டுகளைத் திரட்டி அரைத்துப் புதுத் தட்டு செய்தார்கள். அப்படியும் எத்தனையோ குரல்கள் போயின.

தட்டு போன தூரமும் கொஞ்சமில்லை. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, இந்தியா என்று ராட்ஜர்ஸின் பாடல்கள் வெளியாயின. கென்யாவின் மலைப்பகுதியில் கிப்சிகிஸ் மக்களிடம் கிராமபோனோடு அவர் குரலும் போய்ச் சேர்ந்தது. 1950-இல் ஒலிப்பதிவுக் கருவியோடு அங்கே போன இசை ஆய்வாளர் ஹியூ ட்ரேசியிடம் இளம்பெண்கள் ஒரு பாட்டைப் பாடிக் காட்டினார்கள். 'செமிரோச்சா' என்று ஒருவரை அழைக்கும் பாட்டு. ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பெயர் அவர்கள் வாயில் அப்படி ஆகியிருந்தது. பாதி மனிதன், பாதி மான் என்று அவரை உருவகித்து, உடையே கழன்று விழும் அளவுக்குத் துள்ளி ஆடச் சொல்லி அழைக்கிறார்கள். பெட்டிக்குள்ளிருந்து அப்படித் தாவுகிற குரல் முழு மனிதனுடையதாக இருக்க முடியாது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. யோடலைப் பற்றி நான் படித்த விமர்சனங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். மிசிசிப்பியிலேயே, ஹவ்லின் உல்ஃப், அதாவது ஊளையிடும் ஓநாய், என்று பின்னாளில் பெயர்பெற்ற கறுப்பினப் பாடகர், ராட்ஜர்ஸ் மாதிரி யோடல் வரவில்லை என்பதால்தான் ஊளைக்குப் போனேன் என்று சொல்லியிருக்கிறார். கேங்மேன்களிடமிருந்து வாங்கியது இன்னொரு வடிவில் அவர்கள் பக்கமே திரும்பிப் போனது.

புகழ் வந்தபின் ராட்ஜர்ஸ் விதவிதமாகப் பதிவு செய்தார். ஹவாய் கிதார், கிளாரினெட், ஜாஸ் குழு, எதையும் விடவில்லை. மார்ட்டின் கம்பெனி 1928-இல் அவருக்கென்றே செய்த கிதாரின் கழுத்தில் அவர் பெயர் பதித்திருக்கும். பின்புறம் 'நன்றி' என்று எழுதியிருக்கும். பாடி முடித்ததும் கிதாரைத் திருப்பிக் காட்டுவார். நோய் மட்டும் விடவில்லை. 1931-இல் தன் காசநோயையே ஒரு ப்ளூஸாகப் பாடிப் பதிவு செய்தார். ஆறே ஆண்டுகளில் நூற்றுப் பத்துக்கும் மேல் பாடல்கள். கன்ட்ரி இசைக்கென்று நாஷ்வில்லில் தொடங்கிய புகழரங்கத்தில் 1961-இல் முதலில் சேர்க்கப்பட்ட மூவரில் அவர் ஒருவர்.

1933 மே மாதம் அவர் கடைசியாக நியூயார்க் வந்தார். கூடவே ஒரு செவிலியர். குடும்பத்துக்குக் கொஞ்சம் பணம் சேர்த்து வைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். மே 17 முதல் 24 வரை, உடம்பு இடம் கொடுத்த நாள்களில் பாடினார். கூடத்தில் அவருக்காக ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். ஒரு பாட்டு முடிந்ததும் படுத்துக்கொள்வார், மூச்சு திரும்பியதும் எழுந்து மைக்குக்குப் போவார். 24-ஆம் தேதி சில பாடல்களுக்கு இரண்டு கிதார்க்காரர்கள் துணை வாசித்தார்கள். கடைசிப் பாட்டுக்கு அவர்கள் வேண்டாம் என்று, பிரிஸ்டல் தொப்பிக் கம்பெனி மாடியில் நின்றதுபோலவே, ஒரே ஒரு கிதாரோடு தனியாகப் பாடினார். 26-ஆம் தேதி தாஃப்ட் ஹோட்டல் அறையில் ரத்தம் கக்கி இறந்தார். அவருக்கு முப்பத்தைந்து வயது. உடலை ரயிலில்தான் மெரிடியனுக்குக் கொண்டுபோனார்கள்.